எறியாத கை

ஜூன் 8, திங்கள்

காலையில் தூறல். இட்லி. நேத்தனை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நான் போகத் தேவையில்லை. ஆனாலும் பின்னிருக்கையில் உட்கார்ந்து போனேன்.

நேத்தன் என் மகன் எட்வினின் மகன். பதின்மூன்று வயது. இங்கே அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணியில் பிட்ச்சர், அதாவது பந்தை எறிபவன். நம் ஊர்ப் பந்துவீச்சாளர்களைப் போல ஓடிவருவதில்லை. ஒரு சிறு மண்மேட்டில் நின்று, ஒரு காலைத் தூக்கி, உடம்பு முழுவதையும் முறுக்கி எறிகிறான். இந்த ஆண்டு இரண்டு அணிகளுக்கு எறிந்திருக்கிறான். அதனால் வலது தோளில் வலி.

மருத்துவர் இரண்டு தோள்களின் படங்களையும் திரையில் போட்டுக் காட்டினார். மேற்கை எலும்பு வளர்கிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது. இடது தோளில் அது மயிரிழை. வலது தோளில் லேசாகத் திறந்த கதவின் இடுக்கு போல அகன்றிருந்தது. செப்டம்பர் வரை ஒரு பந்துகூட எறியக் கூடாது, எறிந்தால் அந்த எலும்பு வளர்வது நின்றுபோகலாம், ஒரு கை குட்டையாகிவிடலாம் என்றார். நேத்தன் காரில் ஏறியபிறகுதான் வாயைத் திறந்தான். குட்டை என்றால் எவ்வளவு குட்டை என்று கேட்டான். எட்வின் வண்டியைக் கிளப்பினான்.

எட்வினும் மருமகள் பியூலாவும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி விடுமுறை. ஆகவே பகலில் நான்தான் காவல்.

"அப்பா, நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். அவன் எறியாமப் பாத்துக்கிட்டாப் போதும்," என்றான் எட்வின்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் ஒரு மாணவனையும் அதட்டியதில்லை. அது பெருந்தன்மை அல்ல, பயம். இவனை எப்படித் தடுப்பேன் என்று தெரியவில்லை. என்னால் முடிந்தது குறித்து வைப்பது மட்டுமே. ஆய்வகத்தில் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. அப்படியே செய்வதாக உத்தேசம்.

ஜூன் 10, புதன்

ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. காலையில் நடை. பிறகு நேத்தனின் தோள் பயிற்சி: ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி மெதுவாக இழுக்க வேண்டும். அவனுக்குச் சலிப்பாக இருக்கிறது என்பதால் நானும் கூட இழுக்கிறேன். "தாத்தா, நீங்க ரொம்ப ஸ்ட்ராங்," என்று கேலி செய்கிறான். பிறகு சாப்பாடு. பிறகு எனக்கு மதியத் தூக்கம். என் மனைவி எஸ்தர் இருந்தவரை, நான் தூங்கும் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு அறைக்கு வெளியே உட்கார்ந்து தைப்பாள். ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை.

நேத்தன் வலக்கையைத் தூக்க வலிக்கிறது என்று இடக்கையால் சோறு சாப்பிட்டான். கரண்டியால் அல்ல, கையால். பியூலா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நான் பிசைந்த சோற்றை அப்படியே விட்டேன். எழுந்து தண்ணீர் எடுக்கப் போவதுபோல் அடுப்பங்கரைக்குப் போய் நின்றேன். சின்ன விஷயம். இதற்கு எனக்கு ஏன் உள்ளங்கை வியர்க்க வேண்டும்?

ஜூன் 13, சனி

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வைத்ததே நினைவில்லை. எட்வினும் பியூலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 17, புதன்

நல்ல தூக்கம். இந்த ஊருக்கு வந்தபிறகு இவ்வளவு ஆழ்ந்து தூங்கியதில்லை. இடையில் எங்கோ தொம், தொம் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்த ஞாபகம். வீட்டு வாசலில் யாரோ மெத்தையைத் தட்டுவதைப் போல. அது தொந்தரவாக இல்லை. தாலாட்டு மாதிரி இருந்தது.

ஜூன் 19, வெள்ளி

இடது தோளில் பிடிப்பு. படுத்த வாகு சரியில்லை போலிருக்கிறது. தைலம் தேய்த்தேன்.

ஜூன் 22, திங்கள்

பக்கத்து வீட்டில் ஹெலன் என்ற அம்மையார் தனியாக இருக்கிறார். இரு வீட்டுக்கும் நடுவே ஆள் உயர மர வேலி. மாலையில் எட்வின் காரை நிறுத்தும்போது அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாராம், உங்கள் மகன் நன்றாக உழைக்கிறான், தினமும் மதியம் பந்துச் சத்தம் கேட்கிறது என்று.

எட்வின் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான். வீட்டுக்குப் பின்னால் புல்வெட்டும் இயந்திரம் வைக்கிற மரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் நேத்தன் முன்பு சாக்கட்டியால் ஒரு சதுரம் வரைந்து, அதைக் குறிபார்த்து எறிந்து பழகுவான். இப்போது அந்தச் சதுரத்தின் கீழ்மூலையில் புதிய தழும்புகள். எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. பெயின்ட் உரிந்து மரம் தெரிந்தது.

நேத்தன் எறியவில்லை என்றான். எட்வின் மறுபடி கேட்டான். மறுபடியும் இல்லை என்றான். பிறகு கொட்டகைச் சுவருக்கு அருகே போய் விரலால் தடவிப் பார்த்தான்.

"அப்பா, இது நான் இல்ல. தழும்பு எப்படிச் சரிஞ்சிருக்குன்னு பாருங்க. பந்து அந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. இது லெஃப்டி."

"அப்ப லெஃப்ட்ல எறியுத."

"என் லெஃப்ட்ல நான் எறிஞ்சா பந்து ஹெலன் ஆன்ட்டி வீட்டுக்குத்தான் போகும்."

பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்வினுக்கு வரவில்லை. இனி ஒரு தடவை சத்தம் கேட்டால் பேஸ்பால் கிடையாது, அணியிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்றான். அவன் சொன்னால் செய்கிறவன். என்னைப் போல அல்ல.

என்னிடமும் கேட்டான். நான் தூங்கிவிட்டேன் என்றேன். அது உண்மை.

ஜூன் 25, வியாழன்

மதியத் தூக்கத்தை விட்டுவிடுவது என்று தீர்மானித்துப் பின்வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நேத்தன் என் எதிரில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தான். வெயில் கண்ணாடிக் கதவு வழியாக என் முழங்கால்வரை வந்திருந்தது.

பிறகு வெயில் முழங்காலில் இல்லை. அறையின் மறுகோடியில் இருந்தது. நேத்தன் தரையில் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் நிறமே இல்லை.

"என்ன மக்கா?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல தாத்தா. தண்ணி வேணுமா?"

கொண்டுவந்து கொடுத்தான். டம்ளரை வாங்கினேன். என் பாதங்களில் வெட்டிய புல் ஒட்டியிருந்தது. காலை நடையில் ஒட்டியிருக்கலாம். காலை நடைக்கு ஷூ போட்டுக்கொண்டு போனேன்.

பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 1, புதன்

நேத்தன் இப்போது தினமும் மதியம் என் அறை வாசலில் உட்கார்ந்துதான் விளையாடுகிறான். பாசமுள்ள பிள்ளை. அவன் வயதில் நான் பெரியவர்கள் பக்கமே போனதில்லை.

பந்துகள் வைத்திருந்த வாளி காலியாக இருக்கிறது. எங்கே என்று கேட்டேன். மச்சில் ஏற்றி வைத்துவிட்டேன், ஆசை வரக் கூடாது அல்லவா என்றான். நல்ல முடிவு என்று பாராட்டினேன்.

ஜூலை 3, வெள்ளி

பின்கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் புதிதாக முளைத்திருக்கிறது. நேத்தன் நாற்காலி போட்டு ஏறி, இடக்கையால் திருகாணி முடுக்கியிருக்கிறான். அப்பா கேட்டால் திருட்டுப் பயம் என்று சொல்லச் சொன்னான்.

ஜூலை 7, செவ்வாய்

பியூலாவின் ரோஜாப் பாத்திக்கு ஓரம் கட்டியிருந்த வெள்ளைக் கூழாங்கற்கள் குறைந்திருக்கின்றன. அணில் கொண்டுபோயிருக்கும் என்று எட்வின் கிண்டல் செய்தான். மதியம் நேத்தன் போட்ட தாழ்ப்பாள் மாலையில் திறந்து கிடந்தது.

குளிக்கும்போது இடுப்புச் சாரத்தைக் கழற்றினேன். மடியிலிருந்து ஒரு வெள்ளைக் கல் விழுந்து உருண்டது. சோப்பு வைக்கிற இடத்தில் எடுத்து வைத்தேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஜன்னல் வழியாக வெளியே போட்டேன். வலக்கையால்தான்.

தோள்வலி குறையவில்லை.

ஜூலை 10, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

மாலையில் பியூலா கொட்டகைக்குப் போனவள் எட்வினைக் கூப்பிட்டாள். சதுரத்தின் கீழ்மூலையில் பலகை உடைந்து கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே தரையில் அவளுடைய கூழாங்கற்கள். எட்வின் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, நேத்தனின் முன்னால் மேசையில் வைத்தான். நான் என் வழக்கமான நாற்காலியில் இருந்தேன்.

நேத்தன் கல்லைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான்.

"நான்தான்பா எறிஞ்சேன்," என்றான்.

எட்வின் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டான். எறிந்ததுகூடப் பரவாயில்லை, என் முகத்தைப் பார்த்து எத்தனை தடவை பொய் சொன்னாய் என்றான். நேத்தனின் கிளவ்வை, அந்தத் தோல் கையுறையை, எடுத்துப்போய்க் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினான். பயிற்சியாளர் ஊரில் இல்லையாம். இம்மாதம் இருபத்தேழாம் தேதி திரும்பியதும் பெயரை எடுக்கச் சொல்லப்போகிறான்.

நேத்தன் படுக்கையில் குப்புறப் படுத்திருந்தான். நான் வாசலில் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எதைப் பற்றிச் சொல்வது என்றே எனக்குத் தெரியாது என்று எழுத நினைத்தேன். அது முழுக்கச் சரியல்ல.

ஜூலை 11, சனி

கோயில் பாட்டுப் பயிற்சிக்கு எல்லோரும் போனார்கள். தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டேன். மேசைமேல் பியூலாவின் கணினி திறந்தே கிடந்தது. கோயம்புத்தூரில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றின் படங்கள். புல்வெளி, கைப்பிடி வைத்த குளியலறை, சிரிக்கிற முதியவர்கள். பால் பொங்கியதிலிருந்து இவர்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. நேத்தன் காதிலும் விழுந்திருக்கும்.

ஜூலை 16, வியாழன்

நேத்தனின் பிசியோதெரபி. எட்வின் எங்களை இறக்கிவிட்டுப் போனான். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் எட்வின் முன்பே பேசியிருந்தான். பையன் கல்லெறிந்தான் என்று அவன் தொலைபேசியில் சொன்னதை வைத்து நேத்தனின் தோளை மூலைமுடுக்கெல்லாம் அழுத்திப் பார்த்தாள். வலி இல்லை. வீக்கம் இல்லை. போன மாதத்தைவிட நன்றாக இருக்கிறது, எறிந்த தோள் இப்படி இருக்காது என்றாள்.

நான் ஓரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைக் கவனித்துவிட்டாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மேசையில் படுக்கவைத்து என் இரு முழங்கைகளையும் மடக்கி, முன்கையைப் பின்பக்கமாகச் சாய்த்தாள். வலது முன்கை பாதி தூரம் போய் நின்றது. இடது முன்கை போய்க்கொண்டே இருந்தது. தலைக்குப் பின்னால் மேசையைத் தொடுகிறவரை.

அவள் மறுபடியும் செய்து பார்த்தாள். பிறகு எந்தக் கையால் எறிவீர்கள் என்று கேட்டாள். நான் வாழ்நாளில் எதையும் எறிந்ததில்லை என்றேன். அவள் சிரித்தாள். சின்ன வயதில் நிறைய எறிகிறவர்களுக்கு, வளர்கிற எலும்பு எறிவதற்குத் தோதாகச் சற்று முறுக்கிக்கொண்டே வளரும், பெரியவனானபிறகு அப்படி முறுக்கவும் முடியாது, முறுக்கினதை நிமிர்த்தவும் முடியாது, உங்கள் இடது தோள் எறிகிறவனுடைய தோள் என்றாள். தசையில் இப்போது வந்திருக்கிற காயமும் அப்படித்தானாம்.

நேத்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது பின்னிருக்கையில் அவன் என் இடக்கையைப் பிடித்துக்கொண்டான். எட்வின் முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஜூலை 21, செவ்வாய்

நான்கு நாட்கள் தள்ளிப்போட்டேன். இன்று பாளையங்கோட்டைக்கு அழைத்தேன். ரூத் அக்காவுக்கு அங்கே காலைக் காப்பி நேரம். எனக்கு ஒன்பது வயது மூத்தவள். நான் பிறந்த நாளிலிருந்து என்னைத் தெரிந்தவர்களில் மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான். காது கொஞ்சம் மந்தம். புத்தி கூர்மை.

சின்ன வயதில் நான் எறிவேனா என்று கேட்டேன். அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு.

"ஏல ஞானம், உனக்கு ஞாபகமே இல்லையால? நீ பீச்சக்கைல்லா. எல்லாத்துக்கும் அந்தக் கைதான் முன்னால வரும். சோத்துல கை வச்சா அப்பா தட்டோட தூக்கிருவாரு. அப்புறம் வேட்டிக் கரையக் கிழிச்சு, அந்தக் கைய முதுகோட சேத்துக் கட்டிப் போட்டாங்க. பள்ளிக்கூடம் சேக்கது வரைக்கும் அப்படித்தான் திரிஞ்ச."

என் இடது மணிக்கட்டில் ஒரு வெளுத்த வளையம் உண்டு. கடிகாரப் பட்டையால் வந்தது என்று இதுவரை நினைத்திருந்தேன். நான் கடிகாரத்தை வலக்கையில்தான் கட்டுகிறேன்.

எப்போதும் கட்டியே இருக்குமா என்று கேட்டேன்.

"மத்தியானம் தூங்கும்போது பாவம்னு அம்மா அவுத்து விடுவா. அங்கதான் கூத்து. நீ எந்திரிச்சுப் போய் மதில்ல கல்லு எறிவ. ஒரே எடத்துல, பொத்தல் விழுத வரைக்கும். கண்ணு முழிச்சிருக்கும், ஆனா நீ தூக்கம். கூப்பிட்டாக் கேக்காது. எறிஞ்சு முடிச்சிட்டு நீயா வந்து படுத்துக்கிடுவ. எஸ்தர்ட்ட கல்யாணத்தன்னைக்கே சொல்லி வச்சேன், மத்தியானம் தூங்குனா வாசல்ல உக்காந்துக்கோன்னு. அவ சொல்லலியா?"

சொல்லவில்லை என்றேன்.

வேறு என்னவோ பேசினாள். மருமகனுக்குச் சர்க்கரை, மழை இல்லை. நான் உம் கொட்டிக்கொண்டே என் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தொடைமேல் மல்லாந்து கிடந்தது, விரல்கள் லேசாக மடங்கி. எதையோ பிடித்திருப்பது போல.

ஜூலை 24, வெள்ளி

இனி நினைத்ததையும் எழுதவேண்டும். எறிவது நான். ஜூன் 25 அன்றே எனக்குத் தெரியும். அவனைக் குற்றவாளியாக நிற்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், கோயம்புத்தூருக்குப் பயந்து. அவனும் அதே பயத்தால்தான் தன் தலையில் போட்டுக்கொண்டான். என் பயம் எனக்காக, அவன் பயமும் எனக்காக. வெட்கமாக இருக்கிறது.

திங்கள்கிழமை பயிற்சியாளர் வருகிறார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். எட்வின் கரண்டியைக் கீழே வைத்தான்.

"பேரனக் காப்பாத்த நீங்க இப்படிச் சொல்லாண்டாம்பா. மேல் தட்டுல இருக்க பிளேட்ட எடுக்கவே உங்களால முடியல."

நேத்தன் அழ ஆரம்பித்துவிட்டான். தாத்தாவை அனுப்பாதீர்கள், நான் கதவெல்லாம் பூட்டிக்கொள்கிறேன் என்று தாயிடம் கெஞ்சினான். அவன் அழுவதைப் பார்த்துத்தான் எட்வினுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. ஆனாலும் நம்பவில்லை. மச்சிலிருந்து ஒரு பந்தை எடுத்துவரச் சொன்னேன். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. கொட்டகைக்கு எதிரே நின்று இடக்கையால் எறிந்தேன். பந்து என் காலடியிலேயே விழுந்து புல்லில் உருண்டது. இரண்டாவது முறை பின்னால் போனது. கை என்னுடையதாகவே இல்லை. மரக்கட்டை.

எட்வின் பந்தைப் பொறுக்கிக்கொண்டு, "போதும்பா," என்றான், மிக மெதுவாக.

விழித்திருக்கும்போது அதற்குத் தெரியாது என்றேன். நாளை சனிக்கிழமை. நான் மதியம் தூங்குகிறேன். நீங்கள் வெளியே உட்கார்ந்து பாருங்கள் என்றேன்.

ஜூலை 25, சனி

மீன் குழம்பு. வேண்டுமென்றே நிறையச் சாப்பிட்டேன். தாழ்ப்பாளைத் திறந்து வைத்தார்கள். பந்துகளைப் பழையபடி வாளியில் போட்டுப் பின்வாசலில் வைத்தார்கள். மூவரும் வேலியோரம் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள், ஏதோ கச்சேரிக்கு வந்தவர்களைப் போல. ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துவிட்டுப் படுத்தேன். இந்தச் சூழ்நிலையில் தூக்கம் வராது, நாளைக்கும் இதே வேடிக்கையைச் செய்யவேண்டிவரும் என்று கவலைப்பட்டது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது என் படுக்கையில் இருந்தேன். போர்வை போர்த்தியிருந்தது. கட்டில் ஓரத்தில் எட்வின் உட்கார்ந்திருந்தான். பியூலா வாசலில் நின்றாள், சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குச் சட்டைக் காலரால் வாயைப் பொத்திக்கொண்டு.

"எறிஞ்சேனா?" என்று கேட்டேன்.

தலையாட்டினான்.

"எங்க பட்டுது?"

"எல்லாம் ஒரே எடத்துலதான்பா."

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவன் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டான். முதல் வகுப்பில் சேர்த்த நாளில் என் விரலைப் பிடித்திருந்ததைப் போல என் இடக்கையைப் பிடித்திருந்தான். நான் மறுபடி கேட்டேன்.

"முடிச்சிட்டு எங்கிட்ட வந்தீங்க. திரும்பி நின்னு, அந்தக் கைய முதுகுக்குப் பின்னால கொண்டுபோய் நீட்டினீங்க. ஒரு வார்த்தை பேசல. நான் ஒண்ணும் பண்ணாம நின்னேன். நீங்க அப்படியே நின்னுக்கிட்டே இருந்தீங்க."

"அப்புறம்?"

"பியூலா உள்ளேர்ந்து ஒரு துப்பட்டாவ எடுத்துட்டு வந்து லேசாக் கட்டுனா. அப்புறந்தான் உள்ள வந்து படுத்தீங்க."

மணிக்கட்டில் இன்னும் ஒரு நீல நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நேத்தன் எட்டிப் பார்த்தான். அவன் கையில் கிளவ் இருந்தது. எட்வின் எப்போது டிக்கியைத் திறந்தான் என்று தெரியவில்லை. அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்று கண்ணாலேயே சொன்னான். பிறகு, "தாத்தா, உங்க ஸ்டைல் சூப்பர். யாரும் சொல்லிக் குடுக்காத மாதிரியே இல்ல," என்றான்.

ஆகஸ்ட் 3, திங்கள்

நரம்பு மருத்துவர் நிறையப் படங்கள் எடுத்தார். தூக்கத்தில் நடப்பது என்றார். வயதானவர்களுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், கவனித்துக்கொண்டிருப்போம் என்றார். மதியம் தூங்கவே கூடாது. இரவுக்கு ஒரு மாத்திரை.

கோயம்புத்தூர்ப் பேச்சு எழவில்லை. நானாகக் கேட்டேன். அந்தப் பக்கத்தை அன்றைக்கே மூடிவிட்டேன் மாமா என்றாள் பியூலா.

ஆகஸ்ட் 12, புதன்

மதியம் தூங்கவில்லை. கொட்டகையில் சத்தம் இல்லை. எட்வின் பலகையை மாற்றிவிட்டான்.

ஆகஸ்ட் 19, புதன்

தூங்கவில்லை. காப்பி டம்ளரை எடுத்துக் குடித்து முடித்தபிறகுதான், எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

சாப்பாட்டு மேசையில் நேத்தன் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று குனிந்து பார்த்தேன். கை சோற்றில் இருந்தது. அந்தக் கை. அதட்டுவதற்கு யாரும் இல்லை. எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அது பிசைந்து முடித்துவிட்டு வந்தது.

செப்டம்பர் 5, சனி

தெளிந்த வானம். லேசான குளிர்.

நேற்று எடுத்த படத்தில் நேத்தனின் தோள் கோடு வலப் பக்கமும் மயிரிழையாகிவிட்டது. இன்று முதல் எறியலாம். ஆனால் அருகில் நின்று, மெதுவாக, ஒருவரோடு ஒருவர் பந்தை மாற்றிக்கொள்வது மட்டும். எட்வின் கூடவருவதாகச் சொல்லியிருந்தான். நேத்தன் என்னோடுதான் என்று அடம்பிடித்தான். தன் பிறந்தநாள் பணத்தில் எனக்கு ஒரு கிளவ் வாங்கி ஒளித்து வைத்திருந்திருக்கிறான். இடக்கையால் எறிகிறவர்களுக்கானது, வலக்கையில் மாட்டுவது. புதுத்தோல் வாசனை. விரல்கள் உள்ளே போய் அவற்றின் இடத்தில் உட்கார்ந்துகொண்டன.

புல்லில் எதிரும் புதிருமாக நின்றோம். எட்வினும் பியூலாவும் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நேத்தன் தோளை ஒருமுறை சுழற்றினான். பயந்தான் என்று தெரிந்தது. பிறகு எறிந்தான். இறகு போல வந்தது. என் கிளவ்வில் விழுந்தது. அவன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வலிக்கவில்லை என்று தகப்பனைப் பார்த்துச் சிரித்தான். மூன்று மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கிளவ்விலிருந்து பந்தை எடுத்தேன். அதன் தையலைப் பார்த்தேன், சிவப்பு நூல். போன தடவை காலடியிலேயே விழுந்ததால், இந்தமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு எறியலாம் என்று இருந்தேன்.

தொம் என்று சத்தம் கேட்டது. படியில் எட்வின் எழுந்து நின்றான். தேநீர் படியில் கொட்டியது. நேத்தன் பந்தோடு கிளவ்வைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை உதறிக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, கண்களில் இல்லை.

"தாத்தா, மெதுவா எறிங்க."

சரி என்றேன். அந்தப் பந்தை எந்த விரல்களால் பிடிப்பது என்றுதான் நான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன்.